பழைய ஜாய்ஸ்டிக்கும் உதிரி பாக வியாபாரமும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பெரியோர் வாக்கு. இதன் பொருளை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய குக்கர், காஸ்கெட் போய்விட்டால் அடுப்பில் ஏறாது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில், ஸ்டவ் விற்ற கடையைவிடத் திரி விற்ற கடைக்குத்தான் ஜனங்கள் அதிகமாக வந்தார்கள். பொருள் ஒரு முறை விற்கும். உதிரி பாகம் பல முறை விற்கும்.

இந்த உண்மைக்கு நம் வியாபாரத்திற்குச் சற்றும் தொடர்பில்லாத இடத்திலிருந்து ஓர் உதாரணத்தைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விற்ற வீடியோ கேம் பெட்டிகளின் ஜாய்ஸ்டிக்குகளைப் பழுது பார்ப்பதும், மாற்றுப் பாகம் விற்பதும் இன்றும் ஒரு தொழிலாக நடக்கிறது. விளையாட்டுச் சாமானைப் பற்றி நமக்கென்ன என்று உறுப்பினர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொள்முதல், தேக்கம், பழுது, வாடிக்கையாளர் நம்பிக்கை ஆகிய நான்கும் இந்தக் கதையில் இருக்கின்றன.

சரக்கு வந்த வரலாறு

அட்டாரி என்ற கம்பெனி 1977-ஆம் ஆண்டு ஒரு வீடியோ கேம் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பின்னாளில் அதற்கு அட்டாரி 2600 என்று பெயர். டி.வி.யில் இணைத்து விளையாட வேண்டியது. இந்தப் பெட்டி மொத்தம் சுமார் மூன்று கோடி விற்றதாகக் கணக்கு. பெட்டியுடன் வந்த கைப்பிடிக்குத்தான் ஜாய்ஸ்டிக் என்று பெயர். சதுரமான கறுப்பு அடிப்பாகம், நடுவில் ரப்பர் உறை போட்ட தண்டு, மூலையில் ஒரு சிவப்புப் பட்டன். இதன் மாடல் எண் சி.எக்ஸ்.40.

ஒயரின் முனையில் ஒன்பது பின் கொண்ட பிளக் இருக்கும். 1982-இல் வந்த கம்மடோர் 64 கம்ப்யூட்டர், 1985-இல் வந்த அமிகா போன்றவையும் இதே பிளக்கை ஏற்றுக்கொண்டன. ஒரே அளவு காஸ்கெட் பல கம்பெனிக் குக்கருக்கும் பொருந்தினால் கடைக்காரருக்கு எவ்வளவு சௌகரியம்! அதேபோல் வேறு கம்பெனிகளும் ஜாய்ஸ்டிக் செய்து விற்க இதனால் வழி பிறந்தது. விக்கோ, சன்காம், குவிக்ஷாட் என்று பல பெயர்களில் சரக்கு வந்து குவிந்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

சென்ற ஆண்டு அமெரிக்காவில் இருக்கும் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இப்படி ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கழற்றினார். அடியில் நான்கு ஸ்க்ரூ. கழற்றியதும், இவ்வளவுதானா என்று தோன்றியது. சிறிய சர்க்யூட் போர்டு ஒன்று. அதன்மேல் பொத்தான் அளவில் ஐந்து உலோகக் குமிழ்த் தகடுகள். மேலே, கீழே, இடம், வலம் ஆகிய நான்கு திசைக்கு நான்கு, சுடும் பட்டனுக்கு ஒன்று. தகடுகள் நகராமலிருக்க மேலே ஒட்டுத்தாள். தண்டைச் சாய்த்தால், அதன் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் வளையம் அந்தத் திசையிலுள்ள குமிழை அழுத்தும். குமிழ் அமுங்கிக் கீழேயுள்ள செப்புக் கோட்டைத் தொட்டால் மின்சாரம் ஓடும். கையை எடுத்தால் குமிழ் துள்ளி எழும். சூட்சுமம் இவ்வளவுதான்.

நம் கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளிலும் பில் மெஷின்களிலும் பட்டன் பலகை பல இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே கீழே சொல்வது ஓரளவு நமக்கும் பயன்படும்.

பழுதுகள் நான்கு

முதலாவது, அழுக்கு. பல ஆண்டு கைவியர்வையும் தூசியும் குமிழ்த் தகட்டின் அடியில் படிந்துவிடும். அழுத்தினாலும் மின்சாரம் ஓடாது. ஒட்டுத்தாளை மெதுவாக உரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தகட்டையும் போர்டையும் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேல் முலாம் போய்விட்டால் மறுபடி இன்னும் வேகமாகக் கறுத்துவிடும்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தண்டு. ஆட்ட வேகத்தில் பிள்ளைகள் முழுப் பலத்தையும் போட்டுத் திருகுவார்கள். வளையம் விரிசல் விட்டு ஒரு பக்கம் ஒடிந்துவிடும். வலப்பக்கம் சாய்த்தால் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒட்டுவதில் பயனில்லை, பலம் விழும் இடம் அது. புதுத் தண்டு போடுவதே முறை.

மூன்றாவது, ஒயர். பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே செப்பு அறுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒயர் நன்றாகத்தான் இருக்கும். மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தால் அறுந்தது எது என்று தெரியும். மொத்தம் ஆறு கம்பிகள். ஐந்து ஸ்விட்சுக்கு ஐந்து; எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கறுப்பு ஒன்று. கறுப்பு அறுந்தால் எதுவுமே வேலை செய்யாது. மற்றதில் ஒன்று அறுந்தால் அந்த ஒன்று மட்டும் வேலை செய்யாது. கழற்றும் முன் எந்த நிறம் எங்கே என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது, ரப்பர் உறை. நாற்பது ஆண்டில் இறுகிக் கிழிந்துவிடும். இதற்கு மருந்து இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

இதைவிட நல்ல சரக்கும் அந்நாளில் இருந்தது. விக்கோ ஜாய்ஸ்டிக்கில் குமிழ்த் தகட்டுக்குப் பதில் இலைபோன்ற நீண்ட உலோகத் தகடுகள். வளைந்துவிட்டால் விரலால் சரிசெய்யலாம். இடையில் ஒரு வெள்ளைத்தாளைச் செருகி இழுத்தாலே சுத்தமாகிவிடும். பின்னர் வந்த காம்பிடிஷன் புரோ, எபிக்ஸ் 500 எக்ஸ்.ஜே. ஆகியவற்றில் ‘டிக், டிக்’ என்று ஒலிக்கும் மைக்ரோ ஸ்விட்ச். அது போனால் அதை மட்டும் எடுத்துவிட்டு இன்னொன்றைச் சாலிடர் வைத்துக்கொள்ளலாம்.

பழுது பார்க்க முடியாமல் கெட்ட பெயர்

இதே அட்டாரி 1982-இல் 5200 என்ற அடுத்த பெட்டியைக் கொண்டு வந்தது. அதன் ஜாய்ஸ்டிக்கில் பட்டன்கள் அதிகம்; ரேடியோவின் வால்யூம் திருகுபோல் சுழலும் பாகம் உண்டு. ஆனால் கையை விட்டால் தண்டு நடுவுக்குத் திரும்பாது. உள்ளே தாள்போன்ற மெல்லிய சர்க்யூட் சீக்கிரமே பழுதாகி, பட்டன்கள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போயின. பெட்டி நன்றாக இருந்தும் கைப்பிடியால் கெட்ட பெயர் வாங்கியது. 1984-இல் தயாரிப்பே நின்றுவிட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் குறை சொல்வது ஜாய்ஸ்டிக்கைத்தான்.

பிறகு வந்தவர்களும் இதிலிருந்து முழுதும் தப்பவில்லை. 1996-இல் வந்த நின்டெண்டோ 64 கைப்பிடியில் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உராய்ந்து, உள்ளே வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, தண்டு தளர்ந்துபோகும். இதற்கு மாறாக, 1998-இல் சேகா கம்பெனி வெளியிட்ட டிரீம்காஸ்ட் கைப்பிடியில் தண்டின் அசைவைக் காந்தத்தால் அறியும் முறை. ஒன்றையொன்று தொடுவதில்லை, ஆகவே அந்த இடத்தில் தேய்மானமும் இல்லை. அந்த முறையை இன்று புதிய கைப்பிடிகளில் தனிச் சிறப்பாக விளம்பரம் செய்து விற்கிறார்கள்.

புதைத்தவர்களும் காத்தவர்களும்

இனி வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் ஒரேயடியாகச் சரிந்தது. தேவைக்கு மேல் உற்பத்தி செய்து வைத்திருந்த அட்டாரி, அந்த ஆண்டு செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் லாரி லாரியாகச் சரக்கைக் கொட்டிப் புதைத்தது. மேலே சிமெண்ட் கலவையும் ஊற்றினார்கள். 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது சுமார் 1,300 கேட்ரிட்ஜ்கள் கிடைத்தன. அவற்றில் பலவற்றை அவ்வூர் நகராட்சி ஏலம் விட்டதில் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் வசூலானது. குப்பை என்று புதைத்ததைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள்.

அதே சமயத்தில் இன்னொரு காட்சி. அட்டாரியின் தலைமையகம் இருந்த பகுதியை ஒட்டி, கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே நகரில் பெஸ்ட் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு கடை. அட்டாரியின் உதிரி பாகங்களையே தொழிலாகக் கொண்டு 1980களிலிருந்து நடந்து வந்திருக்கிறது. கம்பெனி கைமாறி, 1996-இல் வேறொரு கம்பெனியோடு இணைந்து மறைந்த பிறகும் கடை மறையவில்லை. ரப்பர் உறை, தண்டு, போர்டு, ஒயர் என்று தனித்தனியாக விற்றார்கள். பழைய ஸ்டாக்கை மட்டும் நம்பி உட்காரவில்லை. எந்தப் பாகம் அடிக்கடி ஒடிகிறது என்று பார்த்து, தொடும் இடங்களில் தங்க முலாம் பூசிய போர்டையும், முன்னைவிடப் பலமான தண்டையும் புதிதாகச் செய்து கொடுத்தார்கள்.

கம்பெனிக்குக் கண்ணில் பட்டது விற்காத பெட்டி. கடைக்காரருக்குக் கண்ணில் பட்டது மக்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான பெட்டி. ஒருவர் வரப்போகும் வாடிக்கையாளரைக் கணக்குப் போட்டு நஷ்டப்பட்டார்; மற்றவர் ஏற்கெனவே வந்த வாடிக்கையாளரைக் கணக்குப் போட்டுப் பிழைத்தார்.

பிளக் ஒன்று, சரக்கு வேறு

மாற்று ஜாய்ஸ்டிக் விற்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒன்பது பின் பிளக் எல்லாம் ஒன்றல்ல. சேகா மெகா டிரைவ் கைக்கருவியிலும் இதே வடிவ பிளக்தான். ஆனால் உள்ளே இணைப்பு வேறு. அதைக் கம்மடோர் 64-இல் செருகினால் கம்ப்யூட்டரின் சிப்பே கெடும் அபாயம் உண்டு. 1990களில் நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடிய டி.வி. கேம் செட்டுகள் பலவும் ஜப்பானின் நின்டெண்டோ ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். அவற்றிலும் ஒன்பது பின் பிளக் உண்டு. ஆனால் எந்தப் பட்டன் அழுந்தியது என்பதைக் கைக்கருவிக்குள் இருக்கும் சிப் வரிசையாகச் சொல்லும் முறை அது. அட்டாரியில் செருகினால் பயன்படாது.

‘பிளக் பொருந்துகிறது, எடுத்துப் போங்கள்’ என்று விற்பவரிடம் சரக்கு திரும்பி வரும். வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். எந்த மாடல், எந்த ஆண்டு என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுப்பவரிடம் அவர் மறுபடி வருவார். காஸ்கெட் கேட்டு வருபவரிடம் எத்தனை லிட்டர், எந்தக் கம்பெனி என்று கேட்கிறோமே, அதே நியாயம்தான்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்விக்கும் நேர்மையான பதில் உண்டு. அழுக்கானால் துடைத்துக் கொடுக்கலாம். தண்டோ உறையோ ஒயரோ போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். போர்டு, தண்டு, ஒயர் மூன்றும் போயிருந்தால் புதிது வாங்குவதே சிக்கனம் என்று சொல்லிவிட வேண்டும். 2023-இல் அட்டாரி பெயரிலேயே 2600 பிளஸ் என்ற புதிய பெட்டியும், பழைய தோற்றத்திலேயே புதிய ஜாய்ஸ்டிக்கும் வெளிவந்தன. புதிது கிடைக்கிறது என்பதற்காகப் பழுது பார்க்கும் தொழில் நின்றுவிடவில்லை. தன் தகப்பனார் வாங்கிக் கொடுத்த பொருள் மறுபடி ஓட வேண்டும் என்று விரும்புகிறவருக்குப் புதுப் பெட்டி பதிலாகாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. விற்கும் பொருளோடு அதன் உதிரி பாகத்தையும் ஒரு பிடியாவது வைத்திருங்கள். லாபம் சிறியது, அது இழுத்து வரும் வாடிக்கை பெரியது.

2. ஓடாத சரக்கைக் கழித்துக் கட்டும் முன், கழற்றினால் அதில் எந்தப் பாகம் விலை போகும் என்று பாருங்கள்.

3. மொத்தக் கொள்முதலின்போது, இதற்கு ஸ்பேர் கிடைக்குமா, எத்தனை வருஷத்திற்குக் கிடைக்கும் என்று கம்பெனிப் பிரதிநிதியைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் ஆர்டரைக் குறையுங்கள்.

4. கடைக்குத் தராசோ பில் மெஷினோ வாங்கும்போது பட்டன் பலகை தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முதலில் தேய்வது அதுதான்.

5. பொருந்தாத பாகத்தைப் பொருந்தும் என்று சொல்லி விற்காதீர்கள்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும். ஒரு ரப்பர் உறை, ஒரு பிளாஸ்டிக் தண்டு, ஆறு கம்பி. இவற்றை வைத்து ஒரு கடை, தான் நம்பியிருந்த கம்பெனியைவிட அதிக காலம் நிலைத்திருக்கிறது. பெரிய கடைகளும் வீட்டு வாசலுக்கே வரும் வியாபாரமும் விலையில் நம்மை அடிக்கலாம். ஆனால் கெட்டுப்போன பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் படியேறும்போது, ‘கொடுங்கள் பார்ப்போம்’ என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் நம் கடையில் இருக்கும் வரை நம் வியாபாரத்தை யாரும் அசைக்க முடியாது.