இறக்கமே இல்லாத மலை

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேல் இருக்கிறது. ஒகேனக்கல் இருப்பது சுமார் 250 மீட்டரில். ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று ராகிக் கொல்லைகளையும் காட்டையும் தாண்டிப் போகும் வழி, பெங்களூரின் நெடுந்தூர சைக்கிள்காரர்களுக்குப் பழக்கமானது. தார்ச்சாலையை விட்டு ஊர்களை இணைக்கும் மண்பாதைகளில் புகுந்தால் அழகும் கூடும், களைப்பும் கூடும். திரும்பி வந்தவர்கள் பழி சொல்வது ஏற்றத்தை. கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது.

ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 670 மீட்டர் மேலே கொண்டுவரத் தேவைப்படுவது சுமார் 140 கிலோகலோரி. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகும், மீதி வெப்பமாகிவிடும். ஆகவே உடல் செலவிட வேண்டியது 600 கிலோகலோரிக்குள். நான்கைந்து தோசை அதை ஈடுகட்டிவிடும்.

மண்பாதையின் கணக்கு இன்னும் பெரியது. நல்ல தாரில் உருளும் சக்கரத்தைத் தரை பின்னுக்கு இழுக்கும் விசை, மொத்த எடையில் அரை சதவீதம் அளவுக்கு இருக்கும். புழுதியும் சரளையும் கலந்த பாதையில் அது ஒன்றரை சதவீதத்தை எளிதாகத் தொடும். கூடுதலாக வரும் ஒரு சதவீதம், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் ஏறுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் மண்பாதை என்றால் 600 மீட்டர் ஏற்றம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மலை வழியில் கிடக்கிறது. உண்மையான மலை, ஏறியவருக்கு இறக்கத்தைத் திருப்பித் தரும். இந்த மலை போகும்போதும் ஏற்றம், வரும்போதும் ஏற்றம்.

இந்த மலை வாங்கும் ஆற்றல் போகுமிடம் மூன்று. டயரின் ரப்பர் நசுங்கி விரியும்போது ஒரு பகுதி வெப்பமாகிறது. சக்கரத்தின் கீழ் புதையும் மண், வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருவதில்லை. கல்லில் ஏறி இறங்கும் குலுக்கலை உடலின் தசைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. 1888இல் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பயன் இங்கேதான் தெரியும். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால், சிறு கல்லுக்காக மொத்த எடையும் எழும்பாது, டயரே கல்லை உள்வாங்கிக் கடந்துவிடும். டயரைக் கல்லுப்போல் இறுக்கினால்தான் வேகம் என்ற நம்பிக்கை மண்பாதையில் செல்லாது.

அடுத்தது வெப்பம். நூறு மீட்டர் இறங்கினால் வெப்பநிலை சராசரியாக 0.65 டிகிரி கூடும். ஒகேனக்கல் பெங்களூரைவிட நான்கு டிகிரிக்கு மேல் சூடாக இருப்பது இதனால்தான். அதிகாலையில் கிளம்பி நண்பகலில் அங்கே சேர்பவர், நாளின் மிகச் சூடான நேரத்தில், பாதையின் மிகச் சூடான இடத்திலிருந்து ஏறத் தொடங்குகிறார். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியாக்கும் காற்று சைக்கிளின் வேகத்தால் வருவது, ஏற்றத்தில் வேகம் குறைந்தால் காற்றும் குறைகிறது. வெயில் தாழட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை. அஞ்செட்டியைச் சுற்றியுள்ள காடு யானைகள் நடமாடும் காடு. அதன் பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இருட்டுமுன் வெளியேறியாக வேண்டும்.

மூன்றாவது, உடலின் இருப்பு. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாக இருக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம்தான். அதில் கிடைப்பது 2,000 கிலோகலோரிக்குள். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும். 1966இல் சுவீடனின் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் சோர்ந்துபோகும்வரை மிதித்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் வற்றியது, ஓய்ந்திருந்த காலில் அப்படியே இருந்தது. பிறகு மாவுச்சத்து நிறைந்த உணவைச் சாப்பிட்டதும், உழைத்த கால் முன்பைவிட அதிகமாகச் சேமித்துக்கொண்டது. ஆகவே பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். வாழைப்பழமும் கடலைமிட்டாயும் போதும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், உப்புப் போட்ட மோர் நல்லது.

தயாரிப்போடு வரும் பயணிக்கு இது ஒரு நாள் சோதனை, பள்ளிப் பிள்ளைகளுக்கோ அன்றாடம். தமிழக அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பிளஸ் 1 மாணவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள். மண்பாதையில் 5 கிலோமீட்டர் மிதிக்கும் பிள்ளைக்குப் போக 50 மீட்டர், வர 50 மீட்டர் என்று நாள்தோறும் நூறு மீட்டர் ஏற்றம் கூடுதலாகச் சேர்கிறது. ஊர்ச்சாலைக்குத் தார் போடுவது காருக்கும் லாரிக்கும் மட்டுமான வசதி இல்லை. அது அந்தப் பிள்ளையின் வழியிலிருந்து ஒரு மலையை அகற்றும் வேலை.