உண்டியும் தீனியும்

உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என உணவை நால்வகைப்படுத்தினர் நம் முன்னோர். சோறு உண்ணப்படுவது, முறுக்குத் தின்னப்படுவது, பால் பருகப்படுவது, தேன் நக்கப்படுவது. இப்பாகுபாடு வாயின் தொழிலை ஒட்டி எழுந்ததாயினும், உலக வழக்கிலே அது வேறொரு பொருளையும் ஏற்றுக்கொண்டது. உண் என்னும் அடியிற் பிறந்த உண்டி என்னும் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதற்கு நேரம் உண்டு, இடம் உண்டு, உடனிருந்து உண்பாரும் உண்டு. தின் என்னும் அடியிற் பிறந்த தீனியோ மாட்டுக்கும் கோழிக்கும் இடுவதைக் குறிக்கலாயிற்று. சிறுவர் நேரமின்றிக் கொறிப்பதையும் 'நொறுக்குத் தீனி' என்றே வழங்குகின்றோம். நம் பிள்ளைகள் இன்று உண்கின்றனரா, தின்கின்றனரா என்பதே யான் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பெருந்தெருவிலே உள்ளது கலகெதர. இப்பகுதியின் வீட்டுத்தோட்டங்கள் வேளாண் அறிஞர் பலரின் ஆராய்ச்சிக்கு உரியனவாய் விளங்குபவை. பலாவும் தென்னையும் கித்துளும் மேலே குடை விரிக்கும். மரங்களைப் பற்றி மிளகுக்கொடி ஏறும். அவற்றின் நிழலிலே கோப்பியும் வாழையும் நிற்கும். நிலத்தை ஒட்டிக் கிழங்கும் கீரையும் தழைக்கும். இத்தகைய தோட்டங்களின் ஊடாக நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிற் பலரின் பைகளிலே இருப்பவை யாவை? பளபளக்கும் உறையில் அடைத்த பொரித்த மாப்பண்டமும், நிறமூட்டிய இனிப்புப் பானமுமே.

ஒருமுறை என் வகுப்பு மாணவரை நோக்கி, தத்தம் வீட்டைச் சூழ வளரும் உண்ணத்தக்க இலைகளின் பெயர்களை எழுதுமாறு பணித்தேன். முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி என்ற மூன்றோடு பெரும்பாலோரின் எழுதுகோல் நின்றுவிட்டது. பாட்டியோடு வாழும் பிள்ளைகள் சிலர் மட்டும் அகத்தி, தூதுவளை, முடக்கொத்தான், சாத்தாவாரி என அடுக்கினர். தமிழாசிரியனாகிய எனக்கு இது முதலிற் சொல்வளக் குறைவாகவே தோன்றியது. சிந்தித்தபோது, வாயறியாத பண்டத்தின் பெயரை நாவும் அறியாது என்பது புலனாயிற்று. அடுக்களையிலிருந்து ஓர் இலை நீங்குமானால், அகராதி ஒன்றே அதன் புகலிடமாகிவிடுகிறது.

பலாவின் கதையும் எண்ணத்தக்கது. சிங்கள மக்கள் அதன் பிஞ்சைப் பொலொஸ் என்றும், முற்றிய காயைக் கொஸ் என்றும், சுளை இறுகிய பழத்தை வரக்கா என்றும் பருவந்தோறும் பெயரிட்டு வழங்குவர். நமக்கும் பிஞ்சு, காய், பழம், கொட்டை என நான்கும் உணவே. முதலாம் உலகப் போர்க் காலத்திற்குப் பின், பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வீ. டயஸ் என்னும் பெரியார், நாட்டு மக்கள் பட்டினிக்கு அஞ்சாது வாழவேண்டுமெனக் கருதிப் பத்து இலட்சம் பலாமரங்களை நடுவிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். மக்கள் அவரைக் 'கொஸ் மாமா' என்றே அன்புடன் அழைத்தனர். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாதெனத் தடுத்தது. மரத்தைக் காக்கச் சட்டம் உண்டு. மரத்தின் சுவையைப் பிள்ளையின் நாவிலே காக்க எச்சட்டம் உளது? அது வீட்டாரின் கடமையாகவே எஞ்சுகிறது.

அக்கடமையை ஆற்றும் வழி யாது? அதட்டி ஊட்டுவதும், உண்டால் இனிப்புத் தருவேன் எனப் பேரம் பேசுவதுமே பல வீடுகளிற் காணும் வழக்கம். இவ்விரண்டும் பயன் தாரா என்பதை ஆராய்ச்சி காட்டியுள்ளது. அமெரிக்க உளவியலறிஞர் லீன் பர்ச் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் 1982இல் வெளியிட்ட ஆய்விலே, இரண்டு வயதுக் குழந்தைகள் புதிய உணவொன்றை எத்துணை முறை மிகுதியாகச் சுவைத்தனரோ அத்துணை அதனை விரும்பினர் எனக் கண்டனர். முதல் நாள் துப்பிய கீரையைப் பத்தாம் நாள் பிள்ளை கேட்டு உண்ணுதல் கூடும். நாமோ இரண்டு நாளிற் சலித்து, 'இவனுக்குக் கீரை பிடியாது' என்று முத்திரை இட்டுவிடுகின்றோம். 1984இல் அவர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பரிசு தந்து பருகச் செய்த பானத்தைக் குழந்தைகள் பின்னர் முன்னிலும் குறைவாக விரும்பியமையைக் காட்டிற்று. கைக்கூலி தந்து செய்விக்கும் செயல் கசப்பானதாகவே இருத்தல் வேண்டும் எனப் பிள்ளை முடிவு செய்கிறது போலும்!

எலின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியலறிஞர் இதற்கொரு நெறி வகுத்தார். எதை, எப்பொழுது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்க. எவ்வளவு உண்பது, உண்பதா இல்லையா என்பதைப் பிள்ளையே முடிவு செய்க என்பது அது. இது நமக்குப் புதுமையன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்னும் பெயருடையது. முன்னுண்டது செரித்தமை அறிந்து, பசித்தபின் அளவறிந்து உண்ணுதலையே அது வற்புறுத்துகிறது. தன் பசியைத் தானே அறியும் ஆற்றல் குழந்தைக்கு இயல்பாக உண்டு. வாயிலே திணிக்குந்தோறும் அவ்வாற்றல் மழுங்குகிறது. புறநானூற்றின் 188ஆம் பாட்டிலே பாண்டியன் அறிவுடைநம்பி, உணவை மேனியெல்லாம் சிந்திப் பூசிக்கொள்ளும் குழந்தையைச் செல்வத்தினும் மேலாகப் போற்றினான். இன்றோ சட்டை அழுக்காகுமே என அஞ்சிக் கைப்பேசியைக் காட்டி ஊட்டுகின்றோம். கையால் அளையாத குழந்தை தன் உணவை எவ்வாறு அறியும்?

அரசுகளும் வாளா இருந்தில. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே தொடங்கிய பகலுணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிற்று. 2022இல் தமிழ்நாட்டு அரசு காலை உணவுத் திட்டத்தையும் தொடங்கியது. இலங்கையிலே 2016 முதல் இனிப்புப் பானங்களுக்கு நிறக்குறி கட்டாயமாயிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் சிவப்பு. பாடசாலை உணவுத் திட்டம் 2024 மார்ச்சிலே ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்குமென விரிவாக்கப்பட்டது. இவை யாவும் வேண்டப்படுவனவே. எனினும் சிவப்புக் குறியைப் படிக்கக் கற்ற பிள்ளை, தன் தந்தை அதே போத்தலைத் திறந்து பருகுவதைக் காணுமாயின் எதனைப் பின்பற்றும்? பிள்ளை நம் சொல்லைக் கேட்பதினும் நம் வாயைப் பார்ப்பதே மிகுதி.

ஆசிரியர்க்குச் சிறப்பாக ஒன்று கூற விழைகின்றேன். காலை 7.30க்குப் பாடசாலை தொடங்குகிறது. தோட்டத் தொழிலுக்குச் செல்லும் தாய் விடியுமுன் எழுந்தும் அடுப்பு மூட்ட நேரம் போதாத வீடுகள் உள. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மூன்று வேளையை இரண்டாக்கிய வீடுகளும் உள. அங்கிருந்து வெறும் தேநீரோடு வரும் பிள்ளை இரண்டாம் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்க்கிறது. அதனை மந்தபுத்தி என எழுதிவிடுதல் எளிது. 'இன்று என்ன சாப்பிட்டாய்?' என முதலில் வினவுதலே அறம். அவ்வினாவையும் வகுப்பறிய எழுப்பலாகாது. அருகழைத்து மெல்லக் கேட்க வேண்டும். வறுமையால் உண்ணாத பிள்ளைக்குச் சத்துணவின் சிறப்பை விரித்துரைத்தல் கொடுமை. அதற்கு வேண்டுவது உணவு, அறிவுரை அன்று.

செய்யத்தக்கன பெரியன அல்ல. நாளில் ஒரு வேளையேனும் வீட்டார் யாவரும் கூடியிருந்து, ஒரே கறியைப் பகிர்ந்து உண்க. தோட்டத்து மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும், இலைக்கஞ்சியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும், அவித்த பலாக்கொட்டையும் காலையுணவாதற்கு எவ்வாற்றானும் தாழ்ந்தன அல்ல. 'ஏழைகளின் உணவு' என அவற்றைப் பிள்ளைகள் கேட்கப் பழித்தலை ஒழிக்க. பாடசாலையிலே ஆசிரியரும் மாணவரோடு அமர்ந்து உண்க. பொதியில் உள்ள கறியின் பெயரை ஒருவரையொருவர் வினவுக. பெயர் அறிந்த உணவு அயலுணவு ஆகாது.

எழுத்தறிவித்தவனை இறைவனாகப் போற்றிய சமூகம் நம்முடையது. எழுத்து நிலைத்தற்கு உடல் வேண்டும். உடல் நிலைத்தற்கு உண்டி வேண்டும். நம் பிள்ளைகட்குத் தீனி கொடுக்கக் கடைத்தெரு முழுதும் காத்திருக்கிறது. உண்டி கொடுக்க நம்மையன்றி யாரும் இலர்.