தீவகத்து அடுப்படியும் கடைக் கொப்பியும்

அபிவிருத்தி என்றதும் வீதி, இறங்குதுறை, மின்சாரம், குடிநீர் என்பனவே முதலில் எமது நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் அவசியமானவை. எனினும் தீவகத்தில் ஒரு மீனவக் குடும்பமோ கூலித் தொழிலாளியின் குடும்பமோ உழைக்கும் பணத்தில் பெரும் பங்கு அடுப்படிக்கே போகிறது. வருமானம் குறையக் குறைய இந்தப் பங்கு கூடிக்கொண்டே செல்லும். ஆகவே உணவுப் பொருட்களை எங்கே, எந்த அளவில், எந்த முறையில் வாங்குகிறோம் என்பதும் அபிவிருத்தியோடு சேர்ந்த கேள்விதான்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதை எமக்கு நன்றாக உணர்த்திவிட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

கடல் கடந்து வரும் மூடை

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய இடங்களுக்குத் தரைவழிப் பாதை உண்டு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கு இன்றும் படகுதான் பாதை. யாழ்ப்பாணத்தில் வாங்கும் ஒரு மூடை அரிசி நெடுந்தீவு வீட்டை அடைவதற்குள் குறிகட்டுவான் வரை ஒரு வாகனக் கூலி, அங்கே ஏற்று கூலி, படகுக் கூலி, இறங்குதுறையில் இறக்கு கூலி, மீண்டும் வாகனக் கூலி என்று பலமுறை சுமையேறுகிறது. சோளகக் காற்று பலக்கும்போது படகு ஓடுவது நிச்சயமில்லை. அந்த நாட்களில் கடையில் இருப்பதுதான் பொருள், கேட்பதுதான் விலை.

போர்க்காலத்தை நாம் மறந்துவிடவில்லை. 1990களில் வடபகுதி மீது பொருளாதாரத் தடை இருந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டில் அரிசிக்கும் சீனிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். பாதை அடைபட்டால் ஏழையின் சட்டியே முதலில் காய்கிறது என்பதைத் தீவக மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழைக்கு ஏன் விலை கூடுகிறது?

கடல் கூட்டும் விலை ஒருபுறம் இருக்க, நாம் வாங்கும் முறை கூட்டும் விலையும் உண்டு. கணக்குக்காக ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு கிலோ மிளகாய்த்தூள் 1000 ரூபா என்றும் அதன் 50 கிராம் பொதி 60 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். பொதி பொதியாக வாங்குபவர் ஒரு கிலோவுக்கு 20 பொதி வாங்குவார். அவர் செலுத்துவது 1200 ரூபா. அதே தூளுக்கு அவர் 200 ரூபா கூடுதலாகக் கொடுத்துவிட்டார். தேயிலை, பால்மா, சவர்க்காரத்தூள் என்று சிறு பொதியில் வரும் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கையில் பணம் உள்ளவர் மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிக்கிறார். அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்குபவர் அதே பொருளுக்குக் கூட விலை கொடுக்கிறார். இதை அவருடைய ஊதாரித்தனம் என்று சொல்வது அநீதி. மொத்தமாக வாங்கும் முதல் அவரிடம் இல்லை என்பதே உண்மை.

இதோடு சேர்ந்து வருவது கடன் கொப்பி. ஊர்க் கடைக்காரரை நாம் குறைகூற வரவில்லை. வாடைக்காற்றில் வள்ளம் கடலுக்குப் போகாத நாட்களிலும், வீட்டில் நோய் கண்ட வேளையிலும் உலை கொதிப்பது அவருடைய நம்பிக்கையினால்தான். அவருடைய பணமும் எங்கள் கொப்பிகளில் முடங்கிக் கிடக்கிறது. ஆனால் கொப்பியில் வாங்கும்போது விலை கேட்கக் கூச்சம் வருகிறது. நிறை பார்க்கக் கூச்சம் வருகிறது. வேறு கடைக்குப் போகவும் முடியாது. கடன் கொடுத்தவரே மீன் வாங்குபவராகவும் இருந்தால், அவர் வைத்ததே மீனின் விலையாகிவிடும். வாங்கும் பக்கத்திலும் விற்கும் பக்கத்திலும் அந்தக் குடும்பம் தன் பேச்சை இழந்துவிடுகிறது. மிச்சம் பிடிப்பது என்பது சில ரூபாக்களோடு முடிகிற விடயமன்று. அதில் மனிதரின் சுதந்திரமும் அடங்கியிருக்கிறது.

சட்டம் எமக்குத் தந்துள்ள உரிமைகளையும் அறிந்திருப்போம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி விலைகள் கடையில் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். பொதியில் குறித்த விலைக்கு மேல் விற்கக்கூடாது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். இதைக் கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது.

பலசரக்குத் தெரிந்த மக்கள்

தீவக மக்களுக்கு வியாபாரக் கணக்குப் புதிதன்று. புங்குடுதீவு, காரைநகர் போன்ற ஊர்களிலிருந்து போனவர்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்துப் பெயர் பெற்றவர்கள். 1958, 1983 வன்செயல்களில் அவர்களிற் பலர் கடையையும் முதலையும் இழந்து திரும்பினர். நாட்டுக்கே பலசரக்கு நிறுத்துக் கொடுத்த மக்களின் பிள்ளைகள் இன்று 50 கிராம் பொதிக்குக் கடன் சொல்லி நிற்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற அறிவு எம்மிடம் உண்டு. அந்த மலிவை ஏழைக் குடும்பமும் அடைய வழி என்ன என்பதே கேள்வி.

இங்கிலாந்தின் ரொச்டேல் என்னும் ஊரில் 1844இல் இதே கேள்வியை எழுப்பிய தொழிலாளர் சிலர் ஒன்றுகூடினர். 28 பேர் தமது சிறு சேமிப்பைச் சேர்த்து அவ்வாண்டு டிசெம்பர் 21ஆம் திகதி ஒரு கடை திறந்தனர். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி என்பனவே அன்று அங்கே இருந்த பொருட்கள். சரியான நிறை, கலப்படமற்ற பொருள், ரொக்க வியாபாரம், மிஞ்சும் இலாபத்தை வாங்கிய அளவுக்கு ஏற்ப அங்கத்தவர்க்குப் பகிர்தல் என்பன அவர்களின் விதிகள். கடன் கொடுக்க மறுத்ததும் அங்கத்தவர்களின் நன்மைக்காகவே. எமது சங்கக்கடைகளின் மூதாதை இதுவே. இரண்டாம் உலகப்போரின் பங்கீட்டுக் காலத்தில் இலங்கையெங்கும் பெருகிய கூட்டுறவுக் கடைகள், பின்னர் எமது போர்க்காலத்தில் நிவாரண அரிசி நிறுத்துக் கொடுத்த இடங்களாயின. அதனாலோ என்னவோ, சங்கக்கடையை நிவாரணம் தரும் இடமாகவே பலர் எண்ணுகிறோம். அது அங்கத்தவர்களாகிய எமது சொத்து. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேட்பதும், அங்கேயே பொருள் வாங்குவதும் எமது கடமை.

பத்துக் குடும்பம், ஒரு மூடை

பெரிதாகத் தொடங்க வேண்டும் என்பதில்லை. மாதர் சங்கத்திலோ அன்பியத்திலோ கூடும் பத்துக் குடும்பங்கள் போதும். ஒரு குடும்பத்துக்கு மாதம் இரண்டரைக் கிலோ பருப்பு என்றால் பத்துக் குடும்பங்களுக்கு 25 கிலோ, அதாவது ஒரு மூடை. கெட்டுப்போகாத ஐந்து பொருட்களோடு தொடங்கலாம்: அரிசி, பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், சவர்க்காரம். வாரந்தோறும் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற சிறு தொகையைச் சேர்க்க வேண்டும். மாத முடிவில் இருவர் மட்டும் யாழ்ப்பாணம் சென்று மொத்தவிலையில் வாங்கிவரலாம். பத்துப் பேரின் பயணச் செலவு இருவரின் செலவாகிறது; ஏற்று கூலியும் பகிரப்படுகிறது. பற்றுச்சீட்டை எல்லோருக்கும் காட்டி, எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துப் பகிர வேண்டும். கணக்கு வெளிப்படையாக இராத இடத்தில் கூட்டு முயற்சி ஆறு மாதம் தாங்காது.

முதற் பணம் எங்கிருந்து வரும்? எமது தாய்மாரின் பிடியரிசிப் பழக்கத்தை நினைப்போம். உலையில் இடுமுன் ஒரு பிடியைப் புறம்பான பானையில் போடுவது அது. ஒரு பிடி ஐம்பது கிராம் என்றாலும் மாதம் ஒன்றரைக் கிலோ சேரும். பத்து வீட்டில் அது 15 கிலோ.

வாங்காமலே கிடைப்பது

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் அரிசியும் கோதுமை மாவும் தட்டுப்பட்டபோது ஒடியலும் குரக்கனும் மரவள்ளியும் எமது வீடுகளைக் காத்தன. நிலைமை மாறியதும் அவற்றை ஏழ்மையின் அடையாளமாக ஒதுக்கிவிட்டோம். இன்று பனைகள் நிறைந்த நெடுந்தீவிலே பனம்பழம் விழுந்து அழுகுகிறது. கடையில் கோதுமை மா கடனுக்குப் போகிறது. பனங்கொட்டையைப் பாத்தி போட்டால் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டும் மாதக்கணக்கில் இருக்கும். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்கிய பின்பே சமைக்க வேண்டும் என்பதை இளைய தலைமுறைக்குச் சொல்லிக்கொடுப்போம்.

மீனிலும் இதே நிலைதான். பிடித்த மீன் முழுவதையும் விற்றுவிட்டு, அந்தக் காசில் தகரத்தில் அடைத்த மீன் வாங்கும் வீடுகள் உண்டு. நல்ல மீனை விற்பது நியாயம். விலைபோகாத சிறு மீனைக் கறிக்கு வைத்து, மிஞ்சியதைக் கருவாடாக்கினால் கடல் அடிக்கும் நாளில் அது கைகொடுக்கும். முருங்கை இலையில் இரும்புச்சத்தும் உயிர்ச்சத்து ஏயும் உண்டு. அது வேலியிலேயே நிற்கிறது. கிணற்றில் நல்ல தண்ணீர் அரிதான இடங்களில் மாரி மழையோடு கீரையும் பயறும் போடலாம். சிக்கனம் என்ற பெயரில் பிள்ளைகளின் தட்டில் மீனையும் கீரையையும் குறைப்பது சேமிப்பாகாது. இன்று மிச்சம் பிடித்தது நாளை மருந்துக்குப் போய்விடும்.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின்னர் எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி ஆண்டவர் சீடரைப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. தாராளமாகக் கொடுத்தவரே வீணாக்கக்கூடாது என்றும் கற்பித்தார். உணவை எறிவது ஏழையின் மேசையிலிருந்து திருடுவதற்கு ஒப்பானது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் மாதத்தில் கூறியதும் இந்தப் படிப்பினையை ஒட்டியதே.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முப்பது நாட்களுக்கு வீட்டிலும் ஒரு கொப்பி வையுங்கள். என்ன பொருள், எவ்வளவு நிறை, என்ன விலை, ரொக்கமா கடனா என்று நான்கு கோடு போட்டு எழுதுங்கள். பள்ளி செல்லும் பிள்ளையிடம் எழுதக் கொடுத்தால் கணக்குப் பாடமும் ஆகும். மாத முடிவில் அந்தக் கொப்பியோடு அயல் வீட்டாரையும் கூட்டி இருந்து பாருங்கள். எந்த மூடையைச் சேர்ந்து வாங்கலாம் என்பதை அக்கொப்பியே உங்களுக்குச் சொல்லும்.