சாலை வந்தது, பள்ளிக்கூடம் என்ன ஆனது?

ஜார்க்கண்ட் மாநிலத்தில் காடும் மலையும் அதிகம். அங்கே பல சிற்றூர்களுக்கு முன்பு மண் பாதைதான் இருந்தது. மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். ஊருக்குள் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். பையன்கள் எப்படியோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியருக்கும் மழைக்காலத்தில் ஊர் வந்து சேருவது பெரும்பாடு.

இப்படிப்பட்ட ஊர்கள் நாடு முழுவதும் இருந்தன. அவற்றுக்குச் சாலை போட, 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம். 500 பேர் வாழும் ஊருக்கு, மழையிலும் வெயிலிலும் போகக்கூடிய சாலை வேண்டும். மலைப் பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 250 பேர் இருந்தாலே போதும். இதுதான் திட்டம்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? டீசல் மீது போட்ட வரியில் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. அது போதவில்லை. வெளியிலும் கடன் வாங்கினார்கள். 2003-இல் ஆசிய வளர்ச்சி வங்கி மத்தியப் பிரதேசத்துக்கும் சத்தீஸ்கருக்கும் கடன் கொடுத்தது. 2004-இல் உலக வங்கி சுமார் 40 கோடி டாலர் கொடுத்தது. அது ஜார்க்கண்ட், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு.

உலக வங்கி என்பது பல நாடுகள் பங்குதாரர்களாக இருந்து நடத்தும் வங்கி. இந்தியாவும் அதில் ஒரு பங்குதாரர். அது கொடுத்தது தானம் அல்ல, கடன். பல ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும். டாலருக்கு எதிரே ரூபாயின் மதிப்பு இறங்கினால் கடன் சுமை ஏறும்.

சாலைக்கு வாங்கிய கடன்தான் இது. ஆனால் பலன் பள்ளிக்கூடம் வரை போனது. புதிதாகப் போட்ட சுமார் 1,15,000 சாலைகளைப் பொருளாதார அறிஞர்கள் மூவர் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. முன்பு நடுநிலை வகுப்புகளில் 100 பிள்ளைகள் படித்த இடத்தில், சாலை வந்தபின் சுமார் 107 பிள்ளைகள் படித்தார்கள். தேர்விலும் முன்பைவிட நன்றாக எழுதினார்கள்.

நடப்பதற்கு எளிதானது மட்டும்தான் காரணமா? இல்லை. சாலை ஊரை டவுனோடு சேர்க்கிறது. அங்கே படித்தவருக்குக் கூடுதல் சம்பளம் கிடைப்பதைப் பெற்றோர் பார்க்கிறார்கள். 'இன்னும் இரண்டு வருஷம் படிக்கட்டும்' என்று நினைக்கிறார்கள். ஆனால் படிக்காதவருக்கும் பக்கத்திலேயே நல்ல கூலி கிடைக்கும் இடங்களில் பள்ளிச் சேர்க்கை அவ்வளவாக உயரவில்லை. பள்ளிக்குப் போகும் சாலைதான் கூலி வேலைக்கும் போகிறது.

பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. இது வெளிநாட்டுக் கடன் அல்ல, மாநில அரசின் பணம். பெண் பிள்ளைகளின் சேர்க்கை சுமார் 30 விழுக்காடு உயர்ந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சேற்றில் சைக்கிள் ஓடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போட்ட சாலை நிலைக்க வேண்டுமே! முதல் 5 ஆண்டுகள் ஒப்பந்ததாரரே பழுது பார்க்க வேண்டும். அதன்பின் அது மாநில அரசின் பொறுப்பு. சாலையின் நீளம், செலவு, ஒப்பந்ததாரர் பெயர் எல்லாம் சாலையோரப் பலகையில் இருக்கும். ஊரார் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பது ஒப்பந்ததாரருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

கடன் பணம் எல்லா ஊருக்கும் நன்மை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. குஜராத்தில் நர்மதை ஆற்றின் மேல் சர்தார் சரோவர் அணை கட்ட, 1985-இல் உலக வங்கி 45 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அணையால் குஜராத்தின் வறண்ட பகுதிகளுக்குத் தண்ணீர் போனது. ஆனால் மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் பல ஊர்கள் தண்ணீருக்குள் போயின. அவற்றில் பல பழங்குடி மக்களின் ஊர்கள். அவர்களுக்கு மாற்று நிலமும் வீடும் கொடுப்பதில் பெரிய குறைகள் இருந்தன. வங்கியே அமைத்த குழு 1992-இல் இதை எழுதியது. 1993-இல், மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. ஆனாலும் அணை வேலை நிற்கவில்லை. 2017-இல் அணை முடிந்தது.

அந்த மலை ஊர்களில் மக்கள் தாங்களே பள்ளிகள் தொடங்கினார்கள். அவற்றை 'ஜீவன்சாலை' என்று அழைத்தார்கள். வாழ்க்கைப் பள்ளி என்று பொருள். பிள்ளைகள் தங்கள் தாய்மொழியிலும் மராத்தியிலும் படித்தார்கள். அணையில் தண்ணீர் ஏற ஏற, சில பள்ளிகளைப் பிரித்தெடுத்து மேட்டில் மறுபடி கட்டினார்கள்.