தமிழ் வரிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், மூத்தோர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கும் பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களில் தோட்டங்களைச் சார்ந்து எழுந்த தமிழ்ப்பள்ளிகள் பல. பயிற்றி, ஆண்டு மலர், நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றை ஆசிரியர்களே கணினியில் அமைத்துப் படியெடுக்கும் காலம் இது. அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் கைப்பழக்கத்தால் முடிவு செய்த இரண்டு செய்திகள் இதனால் ஆசிரியரிடம் வந்து சேர்ந்துள்ளன. ஒன்று எழுத்தின் அளவு. மற்றொன்று வரிக்கும் வரிக்கும் உள்ள தொலைவு. முன்னதை நாம் கவனிக்கிறோம். பின்னதைப் பெரும்பாலும் கணினியிடமே விட்டுவிடுகிறோம். கணினி முதலில் கற்றதோ உரோமன் எழுத்துக்குரிய கணக்கை.

எழுத்தின் அளவு பாயிண்ட் என்னும் அலகால் குறிக்கப்படும். ஓர் அங்குலத்திற்கு 72 பாயிண்ட். எனவே 12 பாயிண்ட் ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர். ஆயினும் எழுத்தே அவ்வளவு உயரம் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஈய எழுத்துக் காலத்தில் அவ்வெண் எழுத்தைத் தாங்கிய உலோகக் கட்டையைக் குறித்தது. கட்டையின் பரப்பில் எழுத்து எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது வடிவமைத்தவர் முடிவு. இன்று கட்டை மறைந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி அதன் இடத்தில் நிற்கிறது. ஆகவேதான் விண்டோஸ் கணினியில் நாம் பழகிய லதாவும், மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்து ஆப்பிள் கணினிகளோடு வரும் இணைமதியும் ஒரே எண்ணில் ஒரே அளவாகத் தோன்ற வேண்டிய கட்டாயமில்லை. எழுத்துருவை மாற்றியவர் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும். வரியிடைவெளிக்கு ஆங்கிலத்தில் லெடிங் என்று பெயர் வந்ததும் ஈயத்தால்தான். வரிகளுக்கிடையே செருகிய ஈயத் தகடே அப்பெயருக்கு மூலம்.

இவ்விரு எண்களும் எவ்வாறு இணைந்து இயங்குகின்றன என்பதை லாடெக் என்னும் அச்சுக்கோப்பு முறை தெளிவாகக் காட்டும். டொனால்டு கனூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் நிரலின்மீது, லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது அது. அதன் எழுத்தளவுக் கட்டளை எப்போதும் இரண்டு எண்களைக் கேட்கும். முதல் எண் எழுத்தின் அளவு. இரண்டாவது, ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரையுள்ள தொலைவு. பயனர் ஒன்றும் சொல்லாவிடில் 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் தொலைவும், 12 பாயிண்ட் எழுத்துக்கு 14.5 பாயிண்ட் தொலைவும் அமையும்.

ஆங்கிலத்திற்கும் மலாய்க்கும் இது பெரும்பாலும் போதும். அவற்றின் சிற்றெழுத்துகளில் மிகுதியானவை நடுப்பகுதியில் அடங்கிவிடுவதால், வரிகளுக்கிடையே வெண்மை தானாகவே கிடைக்கிறது. தமிழிலோ எழுத்தின் உடலே உயரமானது. அதன் தலைமேல் மெய்யின் புள்ளியும் இகர ஈகார வளைவுகளும் ஏறுகின்றன. சு, பூ, வு போன்றவற்றின் கால்கள் கீழே இறங்குகின்றன. மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் ஒரே இடத்திற்குப் போட்டியிடுகின்றன.

இப்போட்டியை லாடெக் தனக்கே உரிய முறையில் தீர்க்கும். இரு வரிகள் ஒன்றையொன்று தொடும் நிலை வந்தால், குறித்த தொலைவைக் கைவிட்டு அவ்விரு வரிகளை மட்டும் விலக்கி வைக்கும். எதுவும் வெட்டுப்படாது; ஆனால் ஒரு பத்தியிலேயே சில வரிகள் நெருங்கியும் சில விலகியும் நிற்கும். எழுத்துருவில் கோளாறு என்று இதைக் கருதுவோர் உண்டு. இரண்டாவது எண் தமிழுக்குப் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. நாம் பரிந்துரைப்பது 12 பாயிண்ட் எழுத்துக்கு 18 பாயிண்ட். நூல் முழுமைக்கும் இதை வேண்டுவோர், ஆவணத் தொடக்கத்தில் வரிப்பெருக்கக் கட்டளைக்கு 1.24 என்று கொடுத்தால் 14.5 பாயிண்ட் 18 ஆகும். ஒரு பத்திக்கு மட்டும் அளவை மாற்றும்போது, பத்தி முடிந்தபின்னரே அம்மாற்றத்தை மூட வேண்டும். பத்தியின் இறுதியில் எந்தத் தொலைவு நடப்பில் உள்ளதோ அதையே நிரல் பத்தி முழுமைக்கும் கொள்ளும். முன்னரே மூடிவிட்டால் பெரிய எழுத்து பழைய நெருக்கமான வரிகளில் சிக்கி நிற்கும்.

சொற்செயலியில் இடர் வேறு வகையானது. வரியிடைவெளியைத் துல்லியமான எண்ணாக நிறுத்தும் தேர்வு அதில் உண்டு. எண் சிறிதாயின் வரியின் மேற்பகுதி வெட்டுப்படக்கூடும். உரோமன் எழுத்தில் வெட்டுப்பட்டதைக் கண் ஊகித்துக்கொள்ளும். தமிழில் முதலில் போவது புள்ளி. ‘பால்’ என்பது ‘பால’ ஆகிவிடும். முதலாம் ஆண்டு மாணவர் அன்றுதான் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறியக் கற்கிறார்; அவரிடம் ஊகிக்கச் சொல்ல முடியாது.

தாள் கூடுதலாகச் செலவாகுமே என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஏ4 தாளில் மேலும் கீழும் 25 மில்லிமீட்டர் விட்டால் எஞ்சும் உயரம் ஏறத்தாழ 700 பாயிண்ட். 14.5 பாயிண்ட் தொலைவில் 48 வரிகள். 18 பாயிண்ட் தொலைவில் 38. இருபது பக்கப் பயிற்றி 26 பக்கமாகும். ஆனால் எழுத்தை 11 பாயிண்டாகக் குறைத்துத் தொலைவை 16.5 ஆக வைத்தால் பக்கத்திற்கு 42 வரிகள் அமையும். ஒரு வரியில் எழுத்துகளும் சற்று மிகுதியாக அடங்கும். அதே பாடம் 21 பக்கத்தில் முடிந்துவிடும். மேல்வகுப்பினருக்கு இம்மாற்றம் தகும். முதலாம் ஆண்டிற்குத் தகாது. அங்கே எழுத்து 18 பாயிண்டுக்குக் குறைதல் கூடாது, தொலைவு 28 பாயிண்டேனும் வேண்டும். இடம் போதாவிடில் கேள்விகளைக் குறைக்கலாம்.

மலாய்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் இடையிடையே எழுத நேரும்போது, அவை தமிழுக்கு அருகில் பருத்தோ மெலிந்தோ தோன்றலாம். ஜொனாதன் கியூ 2004இல் வெளியிட்ட சீடெக், கணினியிலுள்ள யூனிக்கோடு எழுத்துருக்களை நேரடியாகக் கையாளும். அதில் உரோமன் எழுத்துருவுக்கு மட்டும் 0.9 போன்ற ஒரு விகிதம் கொடுத்து இசைவிக்கலாம். எந்த விகிதம் என்பதைக் கண்ணே சொல்லும்.

அச்சிடுமுன் ஒரு சோதனை போதும். ‘பூசு, சூழ், வவ்வு’ என மேல்வரியிலும், ‘சீப்பு, நீர், கீழ்’ என நேர் கீழ்வரியிலும் அமைத்து அச்சிட்டு, அத்தாளை இருமுறை படியெடுக்க வேண்டும். படியெடுக்குந்தோறும் கோடுகள் தடிக்கும் என்பதால், திரையில் தொடாத கால்களும் புள்ளிகளும் இரண்டாம் படியில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் இரண்டாவது எண்ணை ஒரு பாயிண்ட் உயர்த்தி மீண்டும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.