மழைக்காலத் திரையும் ஏலமலை மக்களும்



மழை விடாது பெய்யும் மாலைப் பொழுதில், குடும்பத்தோடு அமர்ந்து பழைய திரைப்படம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? சினிமா என்றதுமே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் இல்லங்களில் உண்டு. அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டால், எதைப் பார்க்கிறோம் என்பதோடு எப்படிப் பார்க்கிறோம் என்பதையும் சிந்திக்க வேண்டும் அல்லவா? அதற்குப் போடிநாயக்கனூர் நமக்கு ஒரு நல்ல பாடம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்த ஊர் போடி. ஆனி, ஆடி மாதங்களில் கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்து நிறுத்திவிடுகிறது. ஊருக்குக் காற்றும் சாரலுமே வந்து சேர்கின்றன. ஐப்பசி பிறந்த பின்னரே இங்கு அடைமழை. மேகம் மலையை மூடியிருந்தாலும், வேலைக்குச் செல்லும் பெண்களை நெருக்கமாக ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அதிகாலையிலேயே புறப்பட்டுவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு அவை செல்கின்றன.

ஏலச்செடி நிழலையும் ஈரத்தையும் விரும்புவது. அதன் காய்கள் உச்சியில் அல்ல, தூரின் அடியிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்க்கின்றன. ஆகவே, காய் பறிப்பவர் நாள் முழுவதும் ஈர மண்ணில் குனிந்தோ குந்தியோ இருக்க நேர்கிறது. அட்டைக்கடி வேறு! காய்கள் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை என்பதால், ஒரே செடிக்குப் பலமுறை திரும்பி வர வேண்டும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால்தான் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். தரம் பிரிக்கப்பட்ட பின், அது போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடைபெறும் ஏல விற்பனைக்குச் செல்கிறது.

இம்மாவட்டம் தமிழ்த் திரையுலகுக்கு அளித்த கொடை பெரிது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளராக அறிமுகமானார். அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-இல் '16 வயதினிலே' படத்தை அளித்தார். கிராமத்து எளிய மனிதர்கள் திரையின் நடுவே வந்து நின்றார்கள். ஆனால் மலை? பழைய படங்கள் பலவற்றில் அது பாட்டுக்குரிய இடமாகவே இருந்தது. மூடுபனியில் நாயகனும் நாயகியும் ஆடிப் பாடுவார்கள். பின்னணியில் தோட்டத்தில் குனிந்து நிற்கும் பெண்மணிக்கு முகமே இராது. அவர்களுக்கு மழை இன்பம். அவளுக்கோ அது நனைந்தபடி உழைக்கும் நாள், அல்லது கூலி இல்லாத நாள்.

அந்த முகங்களைத் திரையின் முன்னே கொண்டுவந்தது, லெனின் பாரதி இயக்கத்தில் 2018-இல் வெளியான 'மேற்குத் தொடர்ச்சி மலை'. அதற்கும் இசை இளையராஜாதான். ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாய்த் துண்டு நிலம் வேண்டும் என்பது ஒன்றே ஆசை. அரும்பாடுபட்டு நிலத்தை அடைகிறான். பின்னர் கடனில் இழக்கிறான். முடிவில், தனக்குரியதாயிருந்த நிலத்தில் எழுந்த காற்றாலைக்கே காவலாளியாக அமர்கிறான். எத்துணை பெரிய இழப்பு!

ஆகவே, வாசகர்களே! பழைய படங்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அடுத்த முறை மலைப் பாட்டு வரும்போது, "அங்கே பின்னால் வேலை செய்கிறவர்கள் யார்? மழை பெய்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?" என்று உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். பெருநாளன்று நெய்ச்சோற்றில் நான்கு ஏலக்காயை இடும் தாய்மார்களும், அது எந்தச் செடியடியில், எத்தனை முறை குனிந்து பறிக்கப்பட்டது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பிறர் உழைப்பை மதிக்கக் கற்ற பிள்ளை, நாளை ஒருவருக்குக் கூலி கொடுக்கும் இடத்தில் அமரும்போது கை சுருக்க மாட்டான்.