கலிபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம்

கலிபோர்னியா உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடம் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலப் பொதுப் பள்ளிகளில் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் கற்பிக்கப்படும் முதன்மை மொழிப் பாடமாகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ்ப் பாடத்துக்கு உள்ள இடம் அங்கே இப்பாடத்துக்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் உள்ளது போல மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடநூலோ, தேர்ச்சியை முடிவு செய்யும் அரசுப் பொதுத்தேர்வோ அங்கு இல்லை. மாணவர் எந்தப் பாடநெறியில் சேர்கிறார், அதில் என்ன தரம் பெறுகிறார் என்பவையே பள்ளிக்குப் பின் அவர் செல்லும் வழியைத் தீர்மானிக்கின்றன.

யார் முடிவு செய்கிறார்கள்?

அமெரிக்காவில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. நாடு முழுவதற்குமான கட்டாயப் பாடத்திட்டம் கிடையாது. 2010இல் வெளியான பொது அடிப்படைத் தரங்களைக் கலிபோர்னியா அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. வாசித்தல், எழுதுதல், பேசுதலும் கேட்டலும், மொழி ஆகிய பிரிவுகளில் மாணவர் என்ன செய்யக் கற்றிருக்க வேண்டும் என்பதை இத்தரங்கள் கூறுகின்றன. உயர்நிலைப் பள்ளிக்கு இவை 9–10, 11–12 என்ற இரண்டு கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன.

எந்த நூலைப் படிக்க வேண்டும் என்பதைத் தரங்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. எட்டாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்களை மாநிலக் கல்வி வாரியம் ஆராய்ந்து ஏற்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் நூல்களைத் தேர்ந்தெடுப்பது உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின் வேலை. இங்கு ‘மாவட்டம்’ என்பது வருவாய் மாவட்டம் அன்று. ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாக அமைப்பு. ஆகவே அடுத்தடுத்த ஊர்களில் கூட வெவ்வேறு நூல்கள் இருக்கலாம்.

நான்கு ஆண்டுப் படிகள்

பல பள்ளிகளில் காணப்படும் பொதுவான வரிசை பின்வருமாறு:

9ஆம் வகுப்பு: சிறுகதை, கவிதை, நாடகம், உரைநடை ஆகியவற்றுக்கான அறிமுகம். சேக்சுபியரின் ‘ரோமியோ அண்டு ஜூலியட்’ பல இடங்களில் இவ்வகுப்பில் வைக்கப்படுகிறது.

10ஆம் வகுப்பு: பெரும்பாலும் உலக இலக்கியம்.

11ஆம் வகுப்பு: அமெரிக்க இலக்கியம். ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ (1925) பரவலாகப் படிக்கப்படும் நாவல்.

12ஆம் வகுப்பு: பிரித்தானிய இலக்கியம் அல்லது மாணவர் தேர்ந்தெடுக்கும் ஒரு பாடநெறி. கட்டுரை, அறிக்கை போன்ற உரைநடையை ஆய்ந்து படித்து எழுதப் பழக்கும் பாடநெறி ஒன்றைக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. அதைப் பல பள்ளிகள் இவ்வகுப்பில் நடத்துகின்றன.

வாதக் கட்டுரை, விளக்கக் கட்டுரை, கதைசொல்லும் எழுத்து ஆகிய மூன்றும் எல்லா ஆண்டுகளிலும் உண்டு. வாதக் கட்டுரையில் கருத்தைச் சொன்னால் மட்டும் போதாது. படித்த நூலிலிருந்து சான்று காட்ட வேண்டும்.

ஒரே வகுப்பில் பல நிலைகள்

ஒரு வகுப்பு மாணவர் அனைவரும் ஒரே ஆங்கிலப் பாடநெறியைப் படிப்பதில்லை. சாதாரண நிலையோடு, கூடுதல் கடினமான ‘ஆனர்ஸ்’ நிலையையும் பல பள்ளிகள் வைத்துள்ளன. 11, 12ஆம் வகுப்புகளில் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ எனப்படும் ஏ.பி. பாடநெறிகள் உண்டு. இவற்றுக்கான தேர்வைக் காலேஜ் போர்டு என்ற அமைப்பு ஆண்டுதோறும் மே மாதத்தில் நடத்துகிறது. ஆங்கிலத்தில் மொழி பற்றியது, இலக்கியம் பற்றியது என இரண்டு ஏ.பி. பாடநெறிகள் உள்ளன. தேர்வின் மதிப்பெண் 1 முதல் 5 வரை இருக்கும். ஏ.பி. பாடநெறிகளுக்கும், அங்கீகரிக்கப்பட்ட ஆனர்ஸ் பாடநெறிகளுக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் தரப்புள்ளிக் கணக்கில் கூடுதல் மதிப்புத் தருகிறது.

தேர்ச்சிக்கும் தகுதிக்கும் உள்ள இடைவெளி

பள்ளிப் படிப்பை முடிக்கக் குறைந்தது மூன்று ஆண்டு ஆங்கிலம் வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பள்ளி மாவட்டம் விரும்பினால் நான்காவது ஆண்டையும் கட்டாயமாக்கலாம்; பல மாவட்டங்கள் அவ்வாறே செய்துள்ளன. ஆனால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டும் நேரடிச் சேர்க்கைக்கு நான்கு ஆண்டு ஆங்கிலம் கேட்கின்றன. ‘ஏ முதல் ஜி வரை’ எனப்படும் ஏழு பாடப்பிரிவு நிபந்தனைகளில் ஆங்கிலம் ‘பி’ பிரிவாகும்.

தரத்திலும் இதே வேறுபாடு உண்டு. பள்ளியில் ‘டி’ தரம் பெற்றாலும் பொதுவாகத் தேர்ச்சிதான். பட்டயத்துக்கான கணக்கில் அது சேரும். பல்கலைக்கழகங்களோ ‘சி’ அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தையே ஏற்கின்றன. ஆங்கிலத்தில் ‘டி’ பெற்ற மாணவர் பட்டயம் வாங்கிவிடலாம். ஆனால் அப்பருவத்தை மீண்டும் படித்துத் தரத்தை உயர்த்தாவிட்டால் நேரடிச் சேர்க்கைக்குத் தகுதி பெறமாட்டார். பெற்றோர் பலர் இதை 12ஆம் வகுப்பில்தான் அறிகின்றனர். அப்போது கோடைக்காலப் பள்ளியில் ஈடு செய்யும் வாய்ப்பும் குறைந்துவிடுகிறது.

மாநிலத் தேர்வு இவ்விடைவெளியை அடைப்பதில்லை. பட்டயத்துக்குக் கட்டாயமாக இருந்த பள்ளி இறுதித் தேர்வு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. 11ஆம் வகுப்பில் இப்போது நடைபெறும் மாநில மதிப்பீடு, தேர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை.

புதிதாக வரும் மாணவர்கள்

பள்ளியில் சேரும்போது வீட்டில் பேசும் மொழி பற்றிய படிவம் நிரப்பப்படுகிறது. தமிழ் போன்ற வேறு மொழி குறிக்கப்பட்டால், வழக்கமாக மாணவரின் ஆங்கிலத் திறன் ‘எல்பேக்’ என்ற தேர்வால் அளக்கப்படும். திறன் போதாதவர் ஆங்கிலம் கற்போர் என வகைப்படுத்தப்பட்டு, ஆங்கில மொழி வளர்ச்சி வகுப்பைப் பெறுவார். எல்பேக் முடிவு, ஆசிரியர் கருத்து, பெற்றோருடன் கலந்தாய்வு, அடிப்படைத் திறன் ஒப்பீடு ஆகியவற்றின் பேரில் அவர் இவ்வகையிலிருந்து விடுவிக்கப்படுவார்.

இவ்வகுப்பு தேவையான உதவிதான். ஆயினும் இத்தகைய பாடநெறிகளில் ஓராண்டுக்கு மேல் ‘பி’ பிரிவில் கணக்கிடப்படுவதில்லை. எனவே 9ஆம் வகுப்பில் வந்து, இரண்டு ஆண்டு இவ்வகுப்பை மட்டுமே படித்த மாணவருக்கு நான்கு ஆண்டுக் கணக்கில் ஓராண்டு குறையும். மொழி வளர்ச்சி வகுப்போடு வழக்கமான ஆங்கிலப் பாடநெறியையும் சேர்த்துப் படித்தால் இக்குறை வராது.

ஆண்டுதோறும் கவனிக்க வேண்டியவை

மாணவரின் பாடநெறி, பல்கலைக்கழகம் ஏற்ற ‘பி’ பிரிவுப் பட்டியலில் உள்ளதா என்பதை இணையத்தில் பார்க்கலாம். பள்ளி ஆலோசகரிடமும் கேட்கலாம். ஒவ்வொரு பருவ முடிவிலும் ‘சி’க்குக் குறைந்த தரம் உள்ளதா, அதை எப்போது ஈடு செய்வது என்பதையும் கேட்டறிய வேண்டும். 9ஆம் வகுப்பிலேயே இவற்றைக் கேட்பவருக்குத் திருத்திக்கொள்ள மூன்று ஆண்டுகள் மீதம் இருக்கும்.